படர்தாமரையைப் போக்கும் முறை

படர்தாமரை என்று இவ்வியாதிக்குப் பெயரிட்டவர், குளத்து நீரின்மேல் தாமரையிலை வட்டமாக விரிந்துகொண்டே போவதை நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். வண்டுகடி என்று சொன்னவரோ சற்று அவசரப்பட்டுவிட்டார். இதில் வண்டுமில்லை, புழுவுமில்லை. தோலின் மேற்படலத்திலும் மயிரிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் பொருளையே உணவாகக் கொண்டு வாழும் நுண்ணிய காளான்களே இதற்குக் காரணம்.

முதலில் நல்ல வெளிச்சத்தில் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். நடுப்பகுதி ஏறக்குறைய ஆறினாற்போல் தோன்ற, ஓரம் மட்டும் சிவந்து, சற்றே தடித்து, செதிலுடன் வளையம்போல் நின்று அரித்தால், அது பெரும்பாலும் படர்தாமரையே. காளான் ஓரத்திலிருந்து வெளிநோக்கிப் பரவுவதால், நடுவில் காணும் ஆறுதல் நம்மை ஏமாற்றுவதற்கென்றே அமைந்தது போலிருக்கும். வளையமில்லாமல், தவிட்டைப் போன்ற மெல்லிய செதிலோடு, அதிக அரிப்பின்றி மார்பிலும் முதுகிலும் திட்டுத்திட்டாக வந்தால் அது தேமல். அதுவும் காளானால் வருவதே எனினும் அதன் ஜாதி வேறு. வெளுத்த இடத்தில் தொடுஉணர்ச்சி குறைந்திருந்தாலோ, களிம்பு வாங்கக் கடைக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது தொழுநோயாக இருக்கக்கூடும். சந்தேகம் தீராதபோது, தோல் மருத்துவர் வளையத்தின் ஓரத்தைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிட்டு நுண்ணோக்கியில் வைத்து, காளானின் இழைகளைச் சிறிது நேரத்திலேயே கண்டுவிடுவார்.

அடுத்து, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் களிம்புக் குழாயின்மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் ஆகிய பெயர்களில் ஒன்று அதில் இருந்தால், அரிப்பு எவ்வளவு விரைவாக அடங்கினாலும் அதை நாமாகப் பூசலாகாது. இவை ஸ்டீராய்டுகள், காளானோடு போராடும் சரீரத்தின் எதிர்ப்பையே தணிப்பதால், சிவப்பும் அரிப்பும் மறைகின்றன, காளானோ முன்னிலும் சுகமாக வளர்கிறது. வாரக்கணக்கில் பூசியவர்களுக்குத் தோல் மெலிந்து, தொடையிடுக்கில் வரிவரியாகத் தழும்பு விழுந்து, வளையம் தன் உருவத்தையே இழந்துவிடுவதால், பிறகு பார்க்கும் மருத்துவரும் திகைக்க நேரிடும். 'எல்லாவற்றுக்கும் ஒரே களிம்பு' என்று விற்கப்படும் கலவை மருந்தைப் போன்ற விரோதி இவ்வியாதிக்காரனுக்கு வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

பூசவேண்டியது குளோட்ரிமசோல், டெர்பினாஃபின் முதலிய காளானெதிர்ப்பு மருந்து மட்டுமே கொண்ட களிம்பு. குளித்து, மடிப்புகளில் ஈரம் சிறிதுமின்றித் துடைத்து உலர்த்திய பின், வளையத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலம் வரை நல்ல தோலிலும் சேர்த்து, வெளியிலிருந்து உள்நோக்கி மெல்லிதாகப் பூசுக. குளோட்ரிமசோல் என்றால் நாளுக்கு 2 வேளை. மற்றவற்றுக்குச் சீட்டில் கண்டபடி. தோல் தெளிந்தவுடன் நிறுத்துவதுதான் நம்மவர்களின் வழக்கமான பிழை; தெளிந்த பின்னும் இரண்டு வாரம் பூசியவரிடம் வியாதி மீள்வது அரிது.

சீமையகத்தி இலைச் சாற்றுக்கு இவ்வியாதியில் நெடுநாளைய பெயருண்டு. வண்டுகொல்லி என்றே அதை அழைப்பார்கள். அதை நான் இகழேன். ஆனால் பூண்டை அரைத்துக் கட்டித் தோலை வேகவைத்துக்கொள்வது சிகிச்சையன்று, தண்டனை.

துணி விஷயத்தில் அலட்சியம் கூடாது. உள்ளாடையையும் துண்டையும் தனியே வெந்நீரில் துவைத்து, உட்புறம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் காயவைக்க வேண்டும். இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டியிருப்பவர், வியாதி தீரும்வரை அதைக் கழற்றிவிடுவதே உத்தமம். வியர்வையில் ஊறிய அந்த நூல் காளானுக்கு நல்ல இருப்பிடம். வீட்டில் வேறு எவருக்கேனும் அரிப்பு இருந்தால் அவருக்கும் ஏககாலத்தில் சிகிச்சை நடக்க வேண்டும். இல்லாவிடில் ஒருவர் குணமாவதும் மற்றவரிடமிருந்து திரும்பப் பெறுவதுமாகவே காலம் கழியும்.

இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலும், உடலில் பல இடங்களில் பரவினாலும், நகத்தைப் பற்றினாலும், நீரிழிவோ கர்ப்பமோ இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

தலையில் வந்தால் மேற்சொன்ன களிம்பு மட்டும் போதாது. குழந்தைகளுக்கே அதிகமாக வரும் இதில் காளான் மயிர்க்காலுக்குள் இறங்கிவிடுவதால், மேலே பூசுவது அதை எட்டுவதில்லை. ஒரு காலத்தில் எக்ஸ் கதிரால் முடியையே உதிரச் செய்து குணப்படுத்தினார்கள். 1939இல் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கிரைசியோஃபுல்வின், 1958இல் உள்மருந்தாகப் பயன்பட்ட பிறகே அந்தக் கொடுமை ஓய்ந்தது. இன்றும் மருத்துவர் எடைக்கேற்ப அளந்து தரும் மாத்திரையை, பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம், உணவோடு விடாமல் கொடுக்க வேண்டியிருக்கும். செதிலோ முறிந்த மயிரோ இன்றி, வழவழப்பாக ஓரிடத்தில் மட்டும் முடி கொட்டினால் அது புழுவெட்டு. பெயரில் புழு இருந்தாலும் அங்கும் புழுவில்லை, காளானுமில்லை, ஆகையால் இந்த மாத்திரையால் பயனுமில்லை. தலையில் வந்தது படர்தாமரையேயானால், குழந்தையின் சீப்பையும் தலையணை உறையையும் தனியே வைத்து, வீட்டில் பூனைக்குட்டி இருந்தால் அதன் காதோரத்திலும் மயிர் உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுக.