பூக்கும் உப்பு



'எஃப்ளோரசன்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லை இரசாயனப் பாடத்தில் நீங்கள் சந்தித்திருப்பீர்கள். "படிகநீரை இழந்து பொடியாதல்" என்று அதற்கு விளக்கம் எழுதிப் போடுவது என் வழக்கம். ஒரு தேர்வில், திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து படித்த மாணவி ஒருத்தி, "உப்புப் பூத்துப் போவது" என்று மட்டும் எழுதியிருந்தாள். வீட்டுப் பேச்சை விடைத்தாளில் எழுதலாமா என்று சிவப்பு மையால் அடித்துவிட்டேன். மாலையில் ஏனோ மனம் உறுத்தியது. அகராதியை எடுத்துப் புரட்டினேன்.

அச்சொல் லத்தீனில் பிறந்தது. 'ஃப்ளோஸ்' என்றால் பூ. 'ஃப்ளோரேரே' என்றால் பூத்திருத்தல். இடையில் 'எஸ்க்' என்ற ஒலி சேர்ந்தால், ஒரு செயல் தொடங்குவதைக் குறிக்கும். உங்கள் பருவத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'அடொலசன்ஸ்' என்ற பெயரிலும் அதே ஒலிதான் இருக்கிறது. வளரத் தொடங்குதல் என்பது அதன் பொருள். முன்னால் நிற்கும் 'எக்ஸ்' என்பதற்கு 'வெளியே' என்று பொருள். அடுத்த எழுத்துக்கு ஏற்ப அது 'எஃப்' எனத் திரிந்தது. நம் புணர்ச்சி விதிகளைக் கண்டு அஞ்சுகிறவர்கள் இதையும் கவனிக்க! ஆக, 'வெளியே பூத்து வருதல்' என்பதே நேர்ப்பொருள். 17-ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்தில் நுழைந்தது.

'ஃப்ளோஸ்' பெற்ற பிள்ளைகள் பலர். செழிப்பதைக் குறிக்கும் 'ஃப்ளரிஷ்' ஒன்று. மாவைக் குறிக்கும் 'ஃப்ளவர்' மற்றொன்று. அரைத்ததில் மிக நேர்த்தியான பகுதியைத் தானியத்தின் பூ என்றார்கள். பூவுக்கும் மாவுக்கும் எழுத்து வேறானது பிற்காலத்தில்தான். 'புளூம்', 'பிளாசம்' என்பவை வேறு குடும்பத்தார். ஜெர்மானியக் கிளையிலிருந்து வந்தவை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழில் செடி மட்டுமா பூக்கிறது? நெற்றியில் வியர்வை பூக்கிறது, முகத்தில் புன்னகை பூக்கிறது, தணலின்மேல் நீறு பூக்கிறது, காத்திருந்து கண் பூத்துப் போகிறது. உள்ளிருப்பது மெல்ல மேலே வந்து படர்வதற்கு நம் மக்கள் கண்ட சொல் இது. பெண் வயதுக்கு வருவதைப் பூப்பு என்றதும் இவ்வழியில்தான்.

அருப்புக்கோட்டையின் பெயரையே மல்லிகை அரும்போடு சேர்த்து, 'அரும்புக்கோட்டை' என்பாரும் உண்டு. கேட்க இனிக்கிறது. ஆனால் 'அருப்பம்' என்ற பழஞ்சொல்லுக்கு அரண் என்றும் பொருள் இருக்கிறது. இனிமையாக இருப்பதாலேயே ஒரு சொல்லாராய்ச்சி சரியாகிவிடாது.

நம் வறண்ட சீமையில் உவர்நிலங்களைப் பார்த்திருப்பீர்கள். மழை பெய்து நிலம் நனைகிறது, உப்புகள் கரைகின்றன. வெயில் ஏறியதும் ஈரம் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலே வந்து ஆவியாகிறது. உடன் வந்த உப்பு மட்டும் மேற்பரப்பில் வெள்ளையாய்த் தங்குகிறது. உப்புநீரில் குழைத்துக் கட்டிய செங்கல் சுவரிலும் இதேதான் நடக்கிறது. பொறியாளர்கள் இதை 'எஃப்ளோரசன்ஸ்' என்கிறார்கள். கொத்தனார் "சுவர் உப்புப் பூக்குது" என்கிறார்.

பாடப்புத்தகத்தில் வரும் சலவைச்சோடா விஷயத்துக்கு வருகிறேன். அதன் படிகத்தில் ஒவ்வொரு மூலக்கூறோடும் 10 நீர் மூலக்கூறுகள் உண்டு. உலர்ந்த காற்றில் வைத்தால் 9 நீங்கி, ஒன்று மட்டும் மிஞ்சும். கண்ணாடிபோல் இருந்த படிகம் வெள்ளைப் பொடியாகிவிடும். அந்தக் காலத்தில் துணி வெளுக்கச் சுரண்டி எடுத்து வந்த உவர்மண்ணில் இருந்ததும் இந்தச் சோடியம் கார்பனேட்தான்.

மறுநாள் அந்த மாணவியை அழைத்து, "இந்தச் சொல் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எங்க அப்பத்தா உவர்மண் எடுக்கப் போகும்போது, 'இன்னிக்கு நல்லாப் பூத்திருக்கு'ன்னு சொல்லும் டீச்சர்."

படிகநீரைப் பற்றி அவள் எழுதவில்லை. ஆகவே முழு மதிப்பெண் தர இயலவில்லை. 2-க்கு ஒன்று போட்டு, சிவப்புக் கோட்டின் அருகே என் கையெழுத்தையும் இட்டேன். அடுத்த ஆண்டு முதல் விளக்கம் எழுதும்போது, அவள் எழுதிய மூன்று சொற்களையே கரும்பலகையில் முதல் வரியாக எழுதத் தொடங்கினேன்.