அயலூரில் ஓர் அறை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேனி மாவட்டத்தில் அமைந்துள்ள ஊர் போடிநாயக்கனூர். ஊரின் மேற்கே மலைகள் மதிற்சுவர் போல் நிற்கின்றன. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட மலைப்பாதை போடிமெட்டைக் கடந்து, கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தை அடைகிறது. அங்குள்ள ஏலமலைச் சரிவுகளில், பெருமரங்களின் நிழலில், ஏலச்செடிகள் செழித்து வளர்கின்றன. காய் பறிக்கும் பருவத்தில், போடியிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் வாழும் தொழிலாளர் விடியற்காலையிலேயே ஜீப்புகளில் ஏறி மலைக்குச் செல்வர். மாலையில் வீடு திரும்புவர். சிலர் தோட்டக் குடியிருப்புகளிலேயே தங்கிவிடுவர். மலையில் விளைந்த காய் போடியில் ஏலம் விடப்படுகிறது. அதனை வாங்க வெளியூர் வணிகர் வருகின்றனர். 2012ஆம் ஆண்டில் இங்கு அரசு பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டபின், வேற்று மாவட்ட மாணவரும் வரலாயினர். ஆகவே, பிழைப்பை நாடி அயலிடம் செல்வதும், நாடி வந்த அயலாருக்கு இடமளிப்பதும் இவ்வூருக்குப் புதியன அல்ல.

காலையில் மலையேறியவர் மாலையில் தம் வீட்டிற்குத் திரும்பலாம். கடல் கடந்து கல்வி கற்கச் செல்லும் மாணவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அறியாத நகரில், அறியாத மொழியினரிடையே, தமக்கென ஓர் அறையை அவர் தேடிக்கொள்ள வேண்டும். பாடநூலைத் திறக்குமுன் அவர் எழுத வேண்டிய முதல் தேர்வு இதுவேயாகும்.

அத்தேர்வில் தொடக்கத்தில் இடர்ப்பட்டவருள் காந்தியடிகளும் ஒருவர். சட்டம் பயில்வதற்காக 1888ஆம் ஆண்டில் அவர் இலண்டன் மாநகரை அடைந்தார். முதலில் பெரியதோர் உணவு விடுதியில் தங்கினார். அங்கிருந்து வெளியேறும்போது, மூன்று பவுன் செலுத்துமாறு கணக்குச் சீட்டு வந்தது. அவர் திடுக்கிட்டார். அத்தனை பணம் கொடுத்தும் அவர் வயிறு நிறைந்திருக்கவில்லை. ஓர் உணவு பிடிக்கவில்லை என்று மற்றொன்றைக் கேட்டார். இரண்டிற்கும் விலை கொடுக்க நேர்ந்தது.

பின்னர்க் கைம்பெண் ஒருவரின் இல்லத்தில் குடியேறினார். புலால் உண்பதில்லை என்று தம் அன்னைக்கு வாக்களித்திருந்தமையால், அங்கும் பசியே துணையாயிற்று. அவ்வீட்டுப் பெண்மக்கள் இருவர் இரண்டொரு ரொட்டித் துண்டுகளை அவருக்கு அன்புடன் கூடுதலாக அளிப்பர். ஆனால் முழு ரொட்டியே வேண்டும் அளவிற்கு அவருக்குப் பசி இருந்தது. அதனை வாய் திறந்து கேட்க அவருக்கு நாணம்! கேட்டால் கிடைத்திருக்கக் கூடியதையும், நாணத்தால் இழந்து வருந்தும் மாணவர் எக்காலத்தும் உண்டு.

நாளடைவில் அவர் தெளிவு பெற்றார். ஒவ்வொரு காசிற்கும் கணக்கு எழுதினார். செல்ல வேண்டிய இடத்திற்கு அரைமணி நேரத்தில் நடந்து சேரக்கூடிய தொலைவில் அறை எடுத்தார். வண்டிச் செலவு மிஞ்சியது, நடையால் உடலும் வலுப்பெற்றது. பிறகு ஒரே அறைக்கு மாறி, அடுப்பொன்று வாங்கிக் காலை உணவைத் தாமே சமைத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ் செலவில் வாழக் கற்றார்.

இத்தகைய இடர்களை ஒருவர் தாண்டி விடலாம். பின்வருபவர்க்கு யார் உதவுவது? இவ்வினாவிற்குச் செயலால் விடையளித்தார் ஒரு தமிழர். சேலத்தில் 1876ஆம் ஆண்டு பிறந்த கே. டி. பால் என்பவரே அவர். இந்திய ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் தேசியப் பொதுச் செயலாளரான முதல் இந்தியர் இவர். இவருடைய முயற்சியால் 1920ஆம் ஆண்டில் இலண்டனில் இந்திய மாணவர் சங்கமும் விடுதியும் தோன்றின. இரண்டாம் உலகப் போரில் அவ்விடுதிக் கட்டடம் குண்டுவீச்சிற்கு இரையாயிற்று. எனினும் பணி நின்றுவிடவில்லை. 1953ஆம் ஆண்டில் பிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. கப்பலினின்று இறங்கிய மாணவர் பலருக்கு அவ்விடுதியே முதற்புகலிடமாயிற்று.

அத்தகைய புகலிடம் எத்துணை இன்றியமையாதது என்பதை அக்காலத்து இலண்டன் தெருக்களே உணர்த்தின. வாடகைக்கு அறை உண்டு என்று அறிவித்த அட்டையிலேயே, நிறத்தவர்க்கு இடமில்லை என்று எழுதி, வீட்டார் சிலர் சன்னலில் தொங்கவிட்டனர். கையில் பணம் இருந்தது, ஒழுக்கம் இருந்தது, ஆயினும் தோலின் நிறம் கதவை அடைத்தது. 1968ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இனவுறவுச் சட்டமே, நிறத்தையும் இனத்தையும் காட்டி வீடு மறுப்பதைப் பிரிட்டனில் சட்டத்திற்குப் புறம்பானதாக்கியது.

இன்று கடல் கடப்போர் கப்பலுக்காகக் காத்திருப்பதில்லை. வானூர்தியில் சில மணி நேரத்தில் சென்றடைகின்றனர். ஆயினும் அறை தேடும் தொல்லை குறைந்துவிடவில்லை. காணாத அறைக்கு முன்பணம் அனுப்பி ஏமாறுவோர் உளர். ஆதலின், முதற்சில நாள்களைப் பல்கலைக்கழக விடுதியிலோ நம்பிக்கைக்குரிய இடத்திலோ கழித்து, அறையை நேரில் கண்டபின் பணம் கொடுப்பதே நன்று. குளிர்நாடுகளில் அறையைச் சூடேற்றும் செலவு வாடகையில் அடங்குமா என வினவுதல் வேண்டும். உடன்படிக்கையை முழுதும் படித்தபின்னரே கையெழுத்திட வேண்டும். கொடுத்த பணத்திற்குப் பற்றுச்சீட்டுப் பெறுதல் வேண்டும். நம் நாட்டிலும் இது பொருந்தும். 2019ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வாடகை உடன்படிக்கை எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும் என விதிக்கிறது.

அறை தேடுவோர் அறிய வேண்டியன இவை. அறை அளிப்போர் அறிய வேண்டியதும் ஒன்று உண்டு. போடியின் தெருவொன்றில், பெட்டியும் படுக்கையுமாக வேற்றூர் மாணவர் ஒருவர் வீட்டு வாயிலில் நிற்கிறார் எனக் கொள்வோம். எந்த ஊர் என்று வீட்டார் கேட்கின்றனர். எங்கே படிக்கிறாய் என்று கேட்கின்றனர். இவை அன்பாலும் முறையாலும் எழும் வினாக்கள். மூன்றாவதாக, எக்குலம், எம்மதம் என்ற வினா எழுமாயின், அன்று இலண்டன் சன்னலில் தொங்கிய அட்டை இன்று நம் வாயிலில் தொங்குகிறது என்பதே பொருள். கடை, உணவு விடுதி முதலிய பொது இடங்களில் இத்தகைய வேற்றுமையை நம் அரசியலமைப்பு 1950ஆம் ஆண்டு முதலே தடுத்துள்ளது. வீட்டின் கதவை மனமே திறக்க வேண்டும்.

இன்று போடியில் கதவைத் திறக்கும் வீட்டுப் பிள்ளை, நாளை தொலைநாட்டில் மற்றொரு கதவைத் தட்டக்கூடும். தட்டுபவருக்கு விழிப்பு வேண்டும். திறப்பவருக்கு நேர்மை வேண்டும். இவ்விரண்டும் கூடிய ஊரில் எவரும் அயலார் அல்லர்.

வினாக்கள்

1. காந்தியடிகள் அறை தேர்ந்தெடுத்த முறையால் பெற்ற நன்மைகள் யாவை?
2. கே. டி. பால் அயல்நாட்டு மாணவர்க்கு ஆற்றிய தொண்டினை விளக்குக.
3. 'வீட்டின் கதவை மனமே திறக்க வேண்டும்' - இக்கூற்றின் கருத்தை உங்கள் ஊர் நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு விளக்குக.