சிப்பிக்குள்ளே செம்பு!

செஞ்சியில் ஏது கடல்? கோட்டையும் மலையும்தானே! ஆனால் திண்டிவனம் தாண்டினால் மரக்காணம் கடற்கரை. அந்தப் பக்கத்திலிருந்து வரும் மட்டி, சிப்பியை நீங்கள் ஆசையாய் வாங்குபவரா? அப்படியென்றால் இதைப் படியுங்கள்.

கப்பலும் விசைப்படகும் தண்ணீரிலேயே கிடந்தால், அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசும் ஒட்டிக்கொள்ளும். வேகம் குறையும், டீசல் செலவு ஏறும். இதைத் தடுக்க ஒரு விஷ பெயின்ட் அடிப்பார்கள். அந்த விஷம் கொஞ்சம் கொஞ்சமாய்க் கசிந்தால்தான் பெயின்ட் வேலை செய்யும். வம்பே அங்கேதான்!

முன்பு அதில் டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயக் கலவை இருந்தது. பிரான்ஸின் ஆர்க்கஷோன் வளைகுடாவில் 1970களின் கடைசியில் சிப்பிகள் இனப்பெருக்கம் செய்ய முடியாமல் தவித்தன. ஓடுகள் தடித்து உருமாறின. 1982-ல் அந்நாடு சிறு படகுகளுக்கு இந்த பெயின்ட்டைத் தடை செய்தது. நம் நாட்டிலும், கோவா மர்மகோவா துறைமுகப் பகுதியில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்திருப்பதை 1999-ல் விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். 2008 செப்டம்பர் 17 முதல் உலக அளவில் தடை ஒப்பந்தம் அமலுக்கு வந்துவிட்டது.

அப்பாடா என்கிறீர்களா? இப்போது பெரும்பாலான பெயின்ட்களில் இருப்பது செம்பு. சிப்பிக் குஞ்சுகளுக்கு இது கொடிய விஷம்.

சரி, மீனை விட்டு சிப்பியை மட்டும் ஏன் சொல்கிறோம்? சிப்பி இருந்த இடத்திலேயே இருக்கும். தண்ணீரை உறிஞ்சி, வடிகட்டித்தான் இரை எடுக்கும். அழுக்கு வந்தால் மீன் நகர்ந்துவிடும். சிப்பி எங்கே போகும்? உலோகம் அதன் சதையிலேயே தங்கிவிடும்.

"நல்லா வேகவச்சா போயிடாதா?" போகாது! கொதித்தால் கிருமி சாகும். உலோகம் அப்படியே இருக்கும்.

அதற்காக சிப்பியே வேண்டாம் என்று ஒதுக்காதீர்கள். இரும்பு, துத்தநாகம், பி12 எல்லாம் நிறைந்த உணவு அது. வாங்கும்போது, "எங்கே எடுத்தது?" என்று கேளுங்கள். துறைமுகம், படகு பழுதுபார்க்கும் இடம், ஆலைக் கழிவு கலக்கும் முகத்துவாரம் என்றால் வேண்டாம். மணலில் இழுத்துப் போடும் சின்னப் படகுகளால் இந்தத் தொல்லை குறைவு. சதை பச்சை நிறமாக, உலோக வாடையோடு இருந்தால் வாங்காதீர்கள். வீட்டில் கர்ப்பிணியோ சிறு குழந்தையோ இருந்தால், இடம் தெரியாத சிப்பியைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு கேள்வி கேட்க காசா, பணமா? கேட்டு வாங்குங்கள்!