பொறி பிறவாத எஞ்சின்

பெட்ரோல் எஞ்சின் இயங்குதற்கு மூன்று பொருள்கள் இன்றியமையாதன. காற்றும் பெட்ரோலும் தக்க அளவிற் சேர்ந்த கலவை ஒன்று. அக்கலவையை நெருக்கும் அழுத்தம் மற்றொன்று. உரிய காலத்தில் அதனைப் பற்றவைக்கும் மின்பொறி மூன்றாவது. ஸ்டார்ட்டர் நன்கு சுழற்றியும் எஞ்சின் தானே இயங்கவில்லையாயின், இம்மூன்றில் ஒன்றேனும் குறைந்திருத்தல் வேண்டும். அவற்றுள் மின்பொறி பிறவாத குறையை ஆராயும் முறையை ஈண்டுக் கூறுவோம். எடுத்துக்காட்டாக, மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை அடிப்படையாகக் கொண்டு 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை வங்காளத்து உத்தரபாராவிற் செய்யப்பட்டு வந்த அம்பாசிடர் வண்டியின் பழைய 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினைக் கொள்வோம்.

இக்குறை நேர்ந்தவிடத்து, ஆராயாமலே காயிலை மாற்றி, பின் கண்டென்ஸரை மாற்றி, பின் பிளக்குகளையும் மாற்றுவோர் பலர். இதனால் பொருளும் பொழுதும் வீணாவதன்றிப் பழுதுற்ற உறுப்பு இன்னதென்பது கடைசிவரை விளங்குவதில்லை. வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவர்க்கு அஃது ஒரு நாட் கூலியையே கவர்ந்துவிடும். அன்றியும், செய்தல் நின்றுபோன வண்டிக்கு நல்ல உறுப்பு எளிதிற் கிட்டாது. நல்லதை எறிந்துவிட்டு அதனினும் தாழ்ந்ததைப் பூட்டுதல் அறிவுடைமை ஆகாது.

மின்பொறி தோன்றும் வகையை முதற்கண் அறிதல் வேண்டும். மாறும் காந்தப்புலம் கம்பிச்சுருளில் மின்சாரத்தைத் தூண்டும் என்பதனை 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். அவ்வுண்மையைத் துணைக்கொண்டு, அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிக்கு அமைத்த முறையே இதுவாகும். காயிலினுள் ஓர் இரும்புத் தண்டின்மேல் இரு சுருள்கள் உள. சில நூறு சுற்றுகளையுடையது முதற்சுருள். பல்லாயிரம் சுற்றுகளையுடையது துணைச்சுருள். பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் ஸ்விட்ச் வழியே முதற்சுருளிற் புகுந்து, டிஸ்டிரிபியூட்டரிலுள்ள பாயிண்ட் வழியே எஞ்சினின் உலோக உடலை அடையும். பாயிண்ட் திறந்த கணத்தில் அவ்வோட்டம் அறும்; காந்தப்புலம் சரியும்; துணைச்சுருளிற் பல்லாயிரம் வோல்ட் எழும். கண்டென்ஸர் பாயிண்டிடையே தீப்பொறி எழாது தடுத்து, ஓட்டத்தை விரைந்து அறச்செய்யும். துணைச்சுருளில் எழுந்த மின்சாரத்தை ரோட்டர் ஏற்று, 1, 3, 4, 2 என்னும் வரிசையிற் பிளக்குகளுக்கு வழங்கும்.

ஆகவே இவ்வழி இரு பகுதிகளை உடையது: 12 வோல்ட் ஓடும் தாழ்ந்த பகுதி, பல்லாயிரம் வோல்ட் ஓடும் உயர்ந்த பகுதி. குறை எப்பகுதியில் உளது என்பதே நாம் முதலிற் கேட்கவேண்டிய வினா.

முதற் சோதனை: ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் கம்பியிற் செருகி, அதன் உடல் எஞ்சினின் உலோகத்தைத் தொடுமாறு வைத்து எஞ்சினைச் சுழற்றுக. பெட்ரோல் சிந்திய இடத்தில் இதனைச் செய்தலாகாது. வெறுங்கையாற் கம்பியைத் தொடுதலும் ஆகாது. நீலப்பொறி தோன்றுமாயின், பொறி பிறக்கும் காலத்தையோ பெட்ரோல் வரும் வழியையோ ஆராய்தல் வேண்டும். பொறி இல்லையேல் மேலே செல்க.

இரண்டாம் சோதனை: காயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டர் மூடியின் நடுவே செல்லும் கம்பியைக் கழற்றி, அதன் முனையை மின்காப்புள்ள குறட்டாற் பற்றி, எஞ்சின் உலோகத்திற்கு 6 மில்லிமீட்டர் தொலைவில் நிறுத்திச் சுழற்றுக. ஈண்டுப் பொறி தாவுமாயின் காயில் வரையில் யாவும் நலமே. மூடியின் விரிசல், ஈரம், நடுவிலுள்ள கரித்துண்டின் தேய்வு, ரோட்டரின் பழுது, பிளக்குகள், அவற்றின் கம்பிகள் ஆகியவற்றுள் ஒன்றே காரணமாகும். தாவாதாயின், மூடியைத் திறந்து, சுழற்றும்போது ரோட்டர் திரும்புகின்றதா எனப் பார்த்தபின் அடுத்த சோதனைக்குச் செல்க.

மூன்றாம் சோதனைக்கு 12 வோல்ட் சிறு விளக்கு ஒன்று போதும். அதன் ஒரு கம்பியை எஞ்சின் உலோகத்தில் இணைத்து, ஸ்விட்சைத் திருப்பி, மற்றொரு கம்பியைக் காயிலுக்கு மின்சாரம் வரும் முனையில் வைக்க. விளக்கு எரியாவிடின் குறை ஸ்விட்சிலோ அதன் கம்பியிலோ உளது. எரியின், பாயிண்டிற்குச் செல்லும் முனைக்கு விளக்கை மாற்றி, எஞ்சினை மெல்லச் சுழற்றுக. பாயிண்ட் திறக்குந்தோறும் எரிந்து, மூடுந்தோறும் அணைதல் முறை. இடைவிடாது எரியின், பாயிண்ட் அழுக்கேறியதாதல், மூடாததாதல், அதன் கம்பி அறுந்ததாதல் கூடும். ஒருபோதும் எரியாவிடின், அம்முனையிலுள்ள டிஸ்டிரிபியூட்டர் கம்பியைக் கழற்றிப் பார்க்க. அப்போது எரியின், பாயிண்ட் திறவாமலோ, கண்டென்ஸர் அல்லது கம்பி உலோகத்தோடு ஒன்றியோ உளது. அப்போதும் எரியாவிடின், காயிலின் முதற்சுருள் அறுந்தது.

பாயிண்டின் குறையாயின், நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, முழுதும் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்குமாறு அமைத்தல் வேண்டும். விளக்கு முறையாக மின்னியும் பொறி பிறவாதாயின், நல்லதென்று தெரிந்த கண்டென்ஸர் ஒன்றை இணைத்துப் பார்க்க. அதன்பின்னும் பிறவாவிடின் மட்டுமே புதிய காயிலை நாடுக. சோதனை முடிந்ததும் ஸ்விட்சை அணைத்தல் வேண்டும். பாயிண்ட் மூடிய நிலையில் மின்சாரம் ஓடிக்கொண்டேயிருப்பின் காயில் வெப்பமுற்றுக் கெடும்.

பலரும் முதலில் மாற்றும் காயில் இவ்வாராய்ச்சியில் இறுதியில் நிற்றலைக் காண்க. பொறி தோன்றாமையும் விளக்கு எரியாமையும் தோல்விகளல்ல. ஒவ்வொன்றும் ஐயத்திற்குரிய உறுப்புகளிற் பலவற்றை நீக்கும் விடையாகும். பௌதிக சாலையில் மின்தூண்டலைக் கற்கும் மாணவர், ஒரு சிறு விளக்கையும் ஒழுங்கான வினாக்களையும் கொண்டு அக்கல்வியைத் தெருவோரத்திலும் பயன்படுத்தலாம் என்பதனை உணர்வாராக.