வாட்டமான கான்கிரீட் தளத்தில் கடப்பா கல் பதித்தல்

சுண்ணாம்பாற்றங்கரை ஊரான நோணாங்குப்பத்தில், வீட்டு முற்றத்துத் தளத்தின் வாட்டம் குறையல்ல, தேவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாசலண்டை நீர் தேங்காமல் காப்பது அதுதான். அதன்மேல் கல் பதிக்கும்போது வாட்டத்தை அழித்து மட்டமாக்கக் கூடாது. கற்களின் முகம் மேடுபள்ளமில்லாமல் ஒரே சீராக இறங்கினால் போதும்.

வேலை அளவெடுப்பில் தொடங்குகிறது. வாசற்படி அருகே சுவரில் ஒரு குறியிட்டு, டியூப் லெவலால் அந்த மட்டத்தை நான்கு மூலைகளுக்கும் கொண்டுபோய், அங்கிருந்து தளம் வரை கீழ்நோக்கி அளக்க வேண்டும். 12 அடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலம் இறக்கம் போதுமானது. கல்லும் கலவையும் சேர்ந்து இரண்டு அங்குலத்துக்கு மேல் தளத்தை உயர்த்தும் என்பதால், அதற்குப் பிறகும் நிலைப்படி உயர்ந்து நிற்குமா என்பதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். இதை மறந்த வீடுகளில் முதல் மழைக்கே தண்ணீர் உள்ளே வருகிறது.

இறக்கம் நான்கு அங்குலம் என்றால், தாழ்ந்த பக்கத்தைச் சிறுஜல்லி கான்கிரீட்டால் உயர்த்திக்கொள்ள வேண்டும். வெறும் கலவையையே கனமாகக் கொட்டினால் அது காயும்போது சுருங்கி, கல் அமுங்கும்.

பழைய தளம் வழவழப்பாக இருந்தால் கலவை பிடிக்காது. கொத்திவிட்டு, தூசி போகக் கழுவி, நனைத்து, நீர் தேங்காத ஈரத்தில் சிமென்ட் பால் தெளிக்க வேண்டும். கலவை 1 பங்கு சிமென்டுக்கு 4 பங்கு மணல். கடல் மணலும் உப்புத் தண்ணீரும் ஆகாது. கல்லின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும்.

கடப்பா கல் இயற்கையாகப் பாளம் பாளமாகப் பிளப்பது. ஒரே லோடில் வரும் கற்களிலும் கனம் வேறுபடும். அதனால் கனம் வாரியாகப் பிரித்து, இருப்பதிலேயே கனமான கல்லை முதலில் வைத்து, அதன் முகத்துக்கு நூல் கட்ட வேண்டும். மெல்லிய கல்லுக்கு அடியில் கலவை கூடலாம். கனமான கல்லை நூலுக்குக் கீழே இறக்க வழியில்லை. இரு ஓரங்களிலும் வாட்டத்தோடு நீள நூல்கள், அவற்றின்மேல் நகர்த்த ஒரு குறுக்கு நூல் என்பதே வசதி.

மூலைக்கு ஒரு கரண்டி வைக்காமல், கல்லின் அடி முழுவதும் கலவை பரவ வேண்டும். ரப்பர் சுத்தியலால் தட்டும்போது சத்தம் கெட்டியாகக் கேட்டால் கல் நன்றாக உட்கார்ந்துவிட்டது. பானையைத் தட்டினாற்போல் கேட்டால் அடியில் காலி. உடனே எடுத்து மறுபடி பதிப்பதே நல்லது. காய்ந்தபின் அந்த இடத்தில்தான் கல் உடைகிறது.

பழைய தளத்தில் விரிவு இடைவெளி இருந்தால், அதற்கு நேர்மேலே கல்லிலும் இடைவெளி விட வேண்டும். முற்றத்துக்குப் பாலிஷ் போடாத முகமே ஏற்றது, மழையில் வழுக்காது. மறுநாள் இணைப்புகளை நிரப்பி, ஈரச் சாக்கு போர்த்தி, ஏழு நாள் நனைத்து வர வேண்டும். பிறகு வாசற்படியிலிருந்து ஒரு குடம் நீர் ஊற்றினால், அது எங்கும் குட்டை கட்டாமல் வெளியே ஓடிவிட வேண்டும்.