சுழலாத ஜீப் என்ஜின்: பழுதைக் கண்டறிவது எப்படி?

மலையடிவாரத் தோட்டங்களிலும் மேட்டுக்காடுகளிலும் பழைய ஜீப் வண்டி இன்றும் விவசாயிக்குக் கைகொடுத்து வருகிறது. சேற்றிலும் ஓடை மணலிலும் 4 சக்கரங்களும் இழுப்பதால் உர மூட்டை, வாழைத்தார், காய்கறிக் கூடை ஆகியவற்றை ஏற்றிவர அது ஏற்றது. ஆனால் மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் சும்மா நின்ற வண்டியை அறுவடைக்கென எடுக்கப் போனால், ஸ்டார்ட்டரைப் போட்டதும் ‘டக்’ என்று ஒரு சத்தம். பிறகு அசைவே இல்லை. “என்ஜின் ஜாம், இறக்கிப் பிரிக்க வேண்டும்” என்கிறார் ஒருவர். “பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்” என்கிறார் இன்னொருவர். “டிராக்டரைக் கட்டி இழுத்தால் தானே சுற்றும்” என்கிறார் வேறொருவர்.

இம்மூன்றில் எதையும் உடனே செய்ய வேண்டாம். சுழலாத என்ஜின் எல்லாம் இறுகிப்போன என்ஜின் அல்ல. வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையில் ஒவ்வொன்றாகச் சோதித்தால் பழுது எங்கே என்பது தெரிந்துவிடும். சில சமயம் 2 போல்ட்டுகளைத் தளர்த்துவதோடு வேலை முடிந்துவிடுவதும் உண்டு.

நம் நாட்டிலுள்ள பழைய பெட்ரோல் ஜீப்புகளில் பல, அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1953-ல் வெளியிட்ட சி.ஜே.3பி மாடலை ஒட்டி மகிந்திரா கம்பெனி உரிமம் பெற்றுத் தயாரித்தவை. இவற்றில் இருப்பது 4 சிலிண்டர் கொண்ட, சுமார் 2.2 லிட்டர் ‘ஹரிகேன்’ என்ஜின். பின்னாளில் பல வண்டிகளில் டீசல் என்ஜின் பொருத்தப்பட்டது. கீழ்க்கண்ட சோதனைகள் இரண்டுக்கும் பொருந்தும். ஸ்பார்க் பிளக் என்று வருமிடத்தில் டீசல் வண்டிக்காரர்கள் இன்ஜெக்டர் என்று கொள்க.

முதலில் விசாரணை

வண்டி எப்படி நின்றது என்பதே பாதி விடை. நன்றாக ஓடிய வண்டி பல மாதம் நின்றபின் சுழலவில்லையெனில் துருவைச் சந்தேகிக்க வேண்டும். ரேடியேட்டரில் ஆவி பறந்து, வேகம் குறைந்து நின்றதென்றால் பிஸ்டன் சூட்டில் பிடித்திருக்கும். அடியில் ‘கடகட’வென்று தட்டும் ஓசை கேட்டு நின்றதென்றால் ஆயில் இன்றி பேரிங் பிடித்திருக்கலாம். ஓடையைக் கடக்கையில் சட்டென நின்றதென்றால் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். வண்டியைக் கடைசியாக ஓட்டியவரிடம் இவற்றைப் பொறுமையாகக் கேட்டறிக.

1. பாட்டரியும் ஸ்டார்ட்டரும்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். வெளிச்சம் சிறிதும் குறையாமல் எரிந்தால் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகவில்லை. ஒயரையும் ஸ்விட்சையும் பார்க்க வேண்டும். வெளிச்சம் மிகவும் மங்கினால் பாட்டரி வலுவிழந்திருக்க வேண்டும், அல்லது ஏதோ ஒன்று சுழல விடாமல் தடுக்க வேண்டும். நல்ல பாட்டரியை மாற்றிப் பார்த்தால் எது என்பது விளங்கும்.

ஸ்டார்ட்டரின் சிறிய பல்சக்கரம், ஃப்ளைவீலின் பற்களில் சிக்கிக்கொள்வதும் உண்டு. அப்போது என்ஜின் முழுவதும் இறுகியது போலவே தோன்றும். பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். சிக்கிய பல் பெரும்பாலும் விடுபட்டுவிடும். பாட்டரி ஒயர் கழன்றபடியே இருக்கட்டும்.

2. வண்டி நகராததா, என்ஜின் சுழலாததா?

இவை இரண்டும் வேறு வேறு. பிரேக் கட்டை துருவேறி டிரம்மில் ஒட்டிக்கொண்டால் வண்டி நகராது. ஆனால் நியூட்ரலில் என்ஜின் சுழலும். எனவே சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, முன்புறம் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிப் பாருங்கள். ஹேண்டில் வசதி இல்லாத வண்டியில் கிராங்க் புல்லியின் நட்டில் நீண்ட ஸ்பேனரைப் போடலாம். முன்னால் நின்று பார்க்கையில் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்வது அவசியம். ஹேண்டில் திருப்பி அடித்தால் கட்டைவிரல் முறியும்.

சுழலவில்லையெனில், ஒருவரை கிளட்ச்சை அழுத்தச் சொல்லி மீண்டும் சுற்றுங்கள். அழுத்தும்போது மட்டும் சுழன்றால் குற்றம் என்ஜினில் இல்லை. கியர் பாக்ஸில் இருக்கிறது. அப்போதும் அசையவில்லையெனில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, வாட்டர் பம்ப்பும் டைனமோவும் கையால் சுற்றுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

3. பிளக்குகளைக் கழற்றுதல்

இதுவரை பயன் இல்லையெனில் 4 பிளக்குகளையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டருடையது என்று குறித்து வரிசையாக வையுங்கள். இப்போது ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். பிளக் துவாரம் வழியே தண்ணீரோ பெட்ரோலோ டீசலோ பீறிட்டு வந்து என்ஜின் சுழன்றால், காரணம் அதுவே. காற்றை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது. அதனால்தான் பிஸ்டன் மேலே வர மறுத்தது. இந்த நிலையில் டிராக்டரால் இழுத்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்தே தீரும். துவாரத்துக்கு நேரே முகத்தை நீட்டக் கூடாது. அருகில் பீடி, விளக்கு கூடவே கூடாது.

வெளியேற்றியதும் வேலை முடிந்துவிடவில்லை. தண்ணீர் வந்திருந்தால் ஹெட் காஸ்கட்டையும், பெட்ரோல் வந்திருந்தால் கார்புரேட்டர் ஊசியையும், டீசல் வந்திருந்தால் இன்ஜெக்டரையும் சரிபார்த்த பிறகே ஸ்டார்ட் செய்க.

4. ஆயில் சொல்லும் செய்தி

அளவுகுச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அடியிலுள்ள வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்தினால், ஆயிலுக்கு முன்பாகத் தண்ணீரே இறங்குவதும் உண்டு. வடித்த ஆயிலைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுக்கும் உலோகத் தூள் மிதந்தால் பேரிங் தேய்ந்து உதிர்ந்திருக்கிறது என்று பொருள்.

5. எப்படி நிற்கிறது என்று கவனித்தல்

ஹேண்டில் கொஞ்சம் சுற்றி, ‘டங்’கென்று ஓரிடத்தில் நின்று, எதிர்த்திசையில் சுற்றினாலும் இன்னோரிடத்தில் அப்படியே நின்றால், உள்ளே ஏதோ ஒரு பொருள் தடுக்கிறது. உடைந்த வால்வோ, விழுந்த நட்டோ இருக்கலாம். இதற்கு ஹெட்டைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. இரு திசையிலும் மயிரிழைகூட அசையவில்லையெனில் துருவோ, பிஸ்டனோ, பேரிங்கோ பிடித்திருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் பிளக் துவாரம் வழியே பாருங்கள். செம்பழுப்புப் படிவு தென்பட்டால் துரு. சிலிண்டர்கள் சுத்தமாயிருந்து, ஆயிலில் உலோகத் தூளும் இருந்தால் பேரிங்.

துருப்பிடித்த என்ஜினை விடுவித்தல்

நின்றுவிட்ட என்ஜினில் எல்லா வால்வுகளும் மூடியிருப்பதில்லை. வால்வு திறந்து நிற்கும் சிலிண்டருக்குள் சைலன்ஸர் வழியாக ஈரக்காற்று புகுந்து, ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் துருவால் ஒட்டிவிடுகிறது. ஆகவே பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு சிலிண்டர்களே பிடித்திருக்கும்.

டீசலும் என்ஜின் ஆயிலும் சம அளவு கலந்து, ஒவ்வொரு பிளக் துவாரத்திலும் 2 மேசைக்கரண்டி ஊற்றுங்கள். துணியால் துவாரத்தை மூடி விடுங்கள். நாள்தோறும் பார்த்து, இறங்கியிருந்தால் மீண்டும் ஊற்றுங்கள். 3-ஆம் நாள் முதல் ஹேண்டிலை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். சமதரையில் டாப் கியரில் வைத்து, வண்டியை ஆள்பலத்தால் முன்னும் பின்னும் ஆட்டுவதும் பயன் தரும். ஒரு வாரம், 10 நாள் ஆனாலும் பொறுமை வேண்டும். பிஸ்டன் தலையில் சம்மட்டியால் அடிப்பதும், லோ கியரில் போட்டு இழுப்பதும் நல்ல பாகத்தையும் கெடுத்துவிடும்.

விடுபட்டதும் உடனே ஸ்டார்ட் செய்யலாகாது. ஊற்றிய டீசல் ரிங் வழியே கீழே இறங்கி ஆயிலில் கலந்திருக்கும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பிளக் இல்லாமலே கையால் பலமுறை சுற்றி, பிறகு ஸ்டார்ட்டரால் சுற்றி, ஆயில் பிரஷர் ஏறுவதைக் கண்டபின்பே பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்க.

சூட்டிலும் ஆயிலின்றியும் பிடித்தவை

அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல் சுமார் 2 மடங்கு விரியும். அதனால் தண்ணீர் வற்றிய என்ஜினில் அலுமினிய பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்கிறது. குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும், ஊற்ற வேண்டாம். அரை நாள் ஆறவிட்டால் தானே விடுபடக்கூடும். விடுபட்டாலும் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது நலம்.

பேரிங் பிடித்திருந்தால் ஆயில் சம்ப்பைக் கழற்றி, பேரிங் மூடிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். எந்த மூடியைத் தளர்த்தியதும் என்ஜின் அசைகிறதோ, அங்கேதான் பழுது. இது மெக்கானிக்கின் வேலை. ஆனால் நீங்கள் அருகிலிருந்து பார்க்க வேண்டும்.

பட்டறைக்குப் போகும்போது

“என்ஜின் போய்விட்டது” என்று சொன்னால், “எந்தப் பாகம் போய்விட்டது, காட்டுங்கள்” என்று கேளுங்கள். துருவுக்கு ஆயிலும் பொறுமையும் போதும். கீறல் விழுந்தால் சிலிண்டரைப் போர் செய்து புதிய பிஸ்டன் போட வேண்டும். பேரிங் போனால் கிராங்க்கைக் கடைய வேண்டும். மூன்றுக்கும் செலவு வெவ்வேறு. எது என்று தெரியாமல் மொத்தமாகப் பேசி முடிக்கும் விவசாயியே நஷ்டப்படுகிறார்.

இனி வண்டியைப் பல மாதம் நிறுத்த நேர்ந்தால், நிறுத்துமுன் ஒவ்வொரு பிளக் துவாரத்திலும் ஒரு கரண்டி ஆயில் விட்டு, என்ஜினைச் சில சுற்று சுற்றி, சைலன்ஸர் வாயைத் துணியால் அடைத்து வையுங்கள். மாதம் ஒருமுறை ஹேண்டிலால் சில சுற்று சுற்றுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்யுமுன் அந்தத் துணியை எடுக்க மறக்க வேண்டாம்.