கட்டளைவரியா, ஏபிஐயா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

சர்வர் நிர்வாகத்தில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலைகளைத் தானியக்கமாக்க முனைவோரிடையே, கட்டளைகளைக் கோத்து ஸ்கிரிப்ட் எழுதுவது பழைய வழி என்றும், ஒரு மென்பொருளின் சேவையை இன்னொரு நிரல் நேரடியாகக் கேட்டுப் பெறும் வாயிலாகிய ஏபிஐயை அழைப்பது புதிய வழி என்றும், இரண்டும் எதிரெதிர் முகாம்கள் என்றும் ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. உண்மையில் இன்றைய கருவிகள் பலவும் ஏபிஐயின் மேல் போர்த்திய மெல்லிய உறைகளே. கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸின் கட்டளைகளில் பெரும்பாலானவை அதன் ஏபிஐ சர்வருக்கு எச்டிடிபி கோரிக்கைகளாகவே செல்கின்றன.

இதைவிட ஆழமாகப் பதிந்துள்ள நம்பிக்கை, திரையில் தெரியும் வெளியீட்டிலிருந்து வேண்டிய துண்டை வெட்டி எடுத்தால் வேலை முடிந்தது என்பதாகும். பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராயின் வற்புறுத்தலால் 1973இல் யூனிக்ஸில் சேர்ந்த பைப், அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு உள்ளீடாகத் திருப்பிவிடும் வசதி, இந்தப் பழக்கத்துக்கு வித்திட்டது. அது அருமையான கருத்து என்பதில் ஐயமில்லை. ஆனால் மனிதர் வாசிப்பதற்காக அடுக்கப்பட்ட எழுத்துகள் நாளையும் அதே வரிசையில் நிற்கும் என்று அதில் எந்த உறுதியும் இல்லை. பிணைய இடைமுகங்களின் நிலையைக் காட்டும் இஃப்கான்ஃபிக் கட்டளை, லினக்ஸில் நெடுங்காலம் ‘ஐநெட் அட்ர்’ என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, அதை ஒட்டியே ஐபி முகவரியைத் தந்துவந்ததால், அந்த முக்காற்புள்ளியில் வரியை வெட்டுவது ஸ்கிரிப்ட் எழுதுவோரின் கைப்பழக்கமாயிற்று. 2014இல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7இலும் 2017இல் வந்த டெபியன் 9இலும் ‘அட்ர்’ என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் மறைந்து, ‘ஐநெட்’டை அடுத்து ஓர் இடைவெளியும் முகவரியும் மட்டுமே எஞ்சின. கட்டளை பிழையின்றி ஓடியது, ஸ்கிரிப்டும் ஓடியது, ஆனால் முகவரி இருக்க வேண்டிய மாறி வெறுமையாக இருந்தது. பிழை காட்டி நின்றுபோகும் ஸ்கிரிப்டைவிட, இப்படி வெறுங்கையோடு அடுத்த வரிக்குச் செல்லும் ஸ்கிரிப்டே அபாயமானது.

இதற்காகக் கட்டளைவரியைக் கைவிட வேண்டியதில்லை. இஃப்கான்ஃபிக்கின் இடத்தைப் பிடித்த ஐபி கட்டளை, பெயரும் மதிப்புமாகத் தரவை எழுதும் ஜேசான் வடிவில், அதற்குரிய விருப்பத்தைக் கொடுத்தால், விடையளிக்கும். நிரல்களின் பதிப்புகளைப் பேணும் கிட்டின் நிலையறியும் கட்டளைக்கு ‘போர்சலின்’ என்ற விருப்பத்தைக் கொடுத்தால், பதிப்புகள் மாறினாலும் மாறாத வடிவம் கிடைக்கும் என்று அதன் ஆவணமே உறுதியளிக்கிறது. மென்பொருள்களை நிறுவும் டெபியனின் ஏப்ட் கட்டளையோ, தன் வெளியீடு திரைக்குச் செல்லாமல் பைப்புக்குள் திரும்பும்போது, தனது இடைமுகம் நிலையானதன்று என்று எச்சரிக்கவே செய்கிறது. ஸ்கிரிப்டுக்கு உரியது அதன் மூத்த உறவான ஏப்ட்-கெட். ஆகவே வெளியீட்டின் வடிவத்தை நிரல்களுக்கு வாக்களித்திருக்கிறார்களா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

ஏபிஐக்கு மாறிவிட்டால் எதுவும் உடையாது என்பதும் சரியன்று. 2021 ஆகஸ்டில் வெளிவந்த குபெர்னெட்டிஸ் 1.22, வெளியுலகக் கோரிக்கைகளை உள்ளே வழிப்படுத்தும் இங்கிரஸின் பழைய பீட்டா ஏபிஐகளை நீக்கிவிட்டதால், அவற்றை அழைத்துவந்த நிரல்கள் திருத்தப்பட வேண்டியிருந்தது. முன்னறிவிப்பு இருந்தது என்பதே இங்குள்ள ஆறுதல். சில இடங்களில் கட்டளைவரியே பாதுகாப்பானது. அமேசானின் எஸ்3 சேமிப்பகம் ஓர் அழைப்புக்கு அதிகபட்சம் 1,000 கோப்புப் பெயர்களையே தரும். மீதி உண்டு என்னும் குறிப்பைக் கவனியாத நிரல் 1,001ஆவது கோப்பை ஒருபோதும் காணாது, ஆனால் அமேசானின் கட்டளைவரிக் கருவி கடைசிப் பக்கம்வரை தானே கேட்டு வாங்கிவிடும்.

பிழை எதுவும் வரவில்லையென்றால் வேலை நடந்துவிட்டது என்ற நம்பிக்கைதான் இழப்புகளுக்கு வழிவகுக்கிறது. ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. பூஜ்யம் வெற்றியையும் பிற எண்கள் தோல்வியையும் குறிக்கும். பைப்பால் இணைத்த கட்டளைகளிலோ கடைசிக் கட்டளையின் எண்ணே மொத்தத்துக்கும் எண்ணாகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பேக்கப்பை ஜிஜிப் வழியாகச் சுருக்கிச் சேமிக்கும் ஒற்றை வரியில், கடவுச்சொல் மாறிவிட்டதால் பேக்கப் கட்டளை தோற்றாலும், ஜிஜிப் தனக்கு வந்த வெறுமையைச் செவ்வனே சுருக்கிப் பூஜ்யத்தைத் திருப்பித் தரும். பாஷ் ஷெல்லில் ‘பைப்ஃபெயில்’ என்ற அமைப்பை இயக்கினால் இந்தத் தோல்வி வெளிப்பட்டுவிடும்; யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாஸிக்ஸ் தரநிலையிலும் அது 2024இல் சேர்க்கப்பட்டது. அது இல்லாத சர்வரில் அன்றைய தேதியைப் பெயரில் தாங்கி இரவுதோறும் சேரும் கோப்புகள், ஒவ்வொன்றும் 20 பைட் அளவில், உள்ளே ஒரு வரித் தரவுகூட இல்லாமல் கிடக்கும்.